ஓநாய் தலையில் விழவேண்டிய அலமாரி

வீட்டில் ஒரு கரண்டி விழுந்தால் நீங்களும் நானும் “என்ன ஆச்சு?” என்று கேட்போம். சத்தக்காரர் “இன்னொரு தடவை போடு” என்பார். கார்ட்டூன் படங்களுக்குச் சத்தம் சேர்ப்பது அவர் பிழைப்பு. ஓநாய் சுவரில் மோதினால் ஈரத் துண்டைத் தரையில் ஓங்கி அடிப்பார். அதன் எலும்பு நொறுங்கினால் கேரட்டை முறிப்பார். வாத்து தப்பி ஓடும்போது ரப்பர் செருப்பைக் கைகளில் மாட்டி மேஜைமேல் தடதடவென்று ஓடவிடுவார். பின்னறைதான் ஸ்டூடியோ. வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால் வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. யாரும் என்றால் வேறு யார், அவர் மனைவிதான்.

வாய் ஓயாமல் பேசுகிற பெண்மணி. விளக்கு எரிகிறவரை அடக்கி வைத்திருந்த பேச்செல்லாம், அணைந்ததும் மடை திறந்தமாதிரி வரும். கதவை அறைய, தட்டை உருட்ட அவருக்கு உதவிக்கு வருவதும் அவள்தான்.

போன மாதம் ஒரு சமையலறைக் காட்சி வந்தது. வாத்தைத் துரத்திவரும் ஓநாயின் தலையில் பாத்திர அலமாரி அப்படியே சரிகிறது. அந்த இடத்தில் குழந்தைகள் சிரிக்காவிட்டால் படமே வீண். “மைக்கை இங்க வச்சுட்டுப் போங்க, நான் போடறேன்” என்று அவள் பெரிய பாத்திரத்தை எடுக்க ஸ்டூல்மேல் ஏறினாள். கால் வழுக்கியது. அவளோடு அலமாரியும் வந்தது.

பின்னறையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவர் சொக்கிப்போனார். கடைசியாக ஒரு மூடி தரையில் சுற்றிச் சுற்றி அடங்கியது. சத்தத்தின் வாலை வெட்டக்கூடாது என்பது தொழில் விதி. ஆகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு அது ஓயும்வரை காத்திருந்தார். அப்புறம் கத்தினார்: “பிரமாதம்! அப்படியே இன்னொரு தடவை!”

அடப் பாவி மனுஷா! அங்கே அவள் கால் மடங்கிக் கிடந்தாள்.

கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த பிறகு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. “தண்ணி.” “மாத்திரை.” அவ்வளவுதான். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. அந்தப் பதிவை அன்றைக்கே அழித்துவிட்டார். அழித்ததைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. சத்தத்திலேயே வாழ்ந்த மனுஷனுக்கு, அவள் குரல் இல்லாத வீடு வெறிச்சென்று கிடந்தது.

டைரக்டர் விடுவாரா? “சமையலறை சத்தம் எப்ப சார் வரும்?” என்று போனில் பிய்த்தெடுத்தார். வேறு வழியில்லாமல் ஒருநாள் பின்னறை ரேக்கில் வாளி, தட்டு, மூடி எல்லாவற்றையும் அடுக்கினார். ஹெட்போனை மாட்டிச் சிவப்பு விளக்கைப் போட்டார். ரேக்கில் கை வைக்கப்போகும் நேரம், படுக்கையறையில் ‘டங்’கென்று ஏதோ விழுந்து உருண்டது.

உருண்டது நிற்கவில்லை, அதற்குள் அவர் எழுந்து ஓடினார். ஹெட்போன் காதிலேயே இருந்தது. ஒயர் இழுத்தது, மைக் ஸ்டாண்ட் சாய்ந்தது, ஸ்டாண்ட் போய் ரேக்கில் மாட்டியது. கீழே கிடந்த ஈரத் துண்டில் கால் வைத்தார். அவ்வளவுதான், மனுஷன் மல்லாந்தார். வாளி, தட்டு எல்லாம் வரிசையாக மேலே வந்து விழுந்தன.

“என்னங்க! என்னங்க, அடிபட்டுருச்சா?”

எத்தனை நாள் கழித்துக் கேட்கிற குரல்! “எனக்கு ஒண்ணுமில்ல. உனக்கு என்ன ஆச்சு?”

“டம்ளர் கை தவறிருச்சு, வேறொண்ணுமில்ல.”

தவழ்ந்து தவழ்ந்து அவள் அறை வாசலுக்கு வந்தார். கழுத்தில் ஹெட்போன், பின்னால் வாலாக ஒயர், நெற்றியில் எலுமிச்சம்பழ அளவு புடைப்பு. அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை.

“பிரமாதம்! அப்படியே இன்னொரு தடவை!”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கட்டில் ஆடச் சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை.

“விழுந்ததுகூட வலிக்கலீங்க. அந்த மூடி சுத்தறதையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன். அது நிக்கற வரைக்கும் நீங்க வரல.”

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதார்.

கொஞ்சம் பொறுத்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். “சிவப்பு விளக்கு எரியுது பாருங்க. பதிவு ஓடிட்டு இருக்கு. போய் நிறுத்திட்டு வாங்க.”

“ஓடட்டும்” என்றார் சத்தக்காரர். “நீ பேசு.”