தும்பிக்கை இல்லாத யானை

என் மகள் ஜப்பானிய மொழி படிக்கிறாள். அடையாறில் ஒரு மாடியில் வகுப்பு. கல்லூரி முடிந்து நேராக அங்கே போய்விட்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் கோட்டூர்புரம் வீட்டுக்கு வருவாள். போன வாரம் பரீட்சைத் தாளைச் சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனாள். எனக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் சிவப்புக் கோடு எந்த மொழியிலும் சிவப்புக் கோடுதான்.

என்ன தப்பு என்று கேட்டேன். காட்டினாள். 'நேர்' என்ற பொருளுள்ள ஓர் எழுத்து. பார்ப்பதற்குக் கம்பி போட்ட ஜன்னல் போல இருந்தது. ஜப்பானியப் புத்தகத்தில் அதன் இடப்பக்கக் கோடு கீழே இறங்கி, வளைந்து, அடியில் ஓடுகிறது. அவளுடைய கைப்பேசியில் அடிக்கோடு தனியாகப் படுத்திருக்கிறது. அது சீனர்கள் எழுதும் வடிவமாம். கணினிக்குள் இரண்டுக்கும் ஒரே எண்தானாம். எந்த நாட்டுச் சட்டையை மாட்டிவிடுவது என்பதைக் கைப்பேசி தானாக முடிவு செய்துகொள்ளுமாம். இவள் பேருந்தில் நின்றபடி கைப்பேசியைப் பார்த்துப் பழகியவள். பார்த்ததை அப்படியே எழுதியிருக்கிறாள். தப்பு என்று போட்டுவிட்டார்கள்.

"இத மொதல்லயே யாராவது சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"விடும்மா. ஒரு மார்க்குதான. நீ ஏன் இவ்ளோ டென்ஷன் ஆவுற?"

ஏன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வரவில்லை. நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் இன்றும் நான் நழுவிவிடுவேன். மகள் ஒருத்தி முன்னாலும் அப்படித்தான் ஆகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

எனக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுத்தது அம்மாவும் ஒரு மஞ்சள் பையும். அப்பா தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடித்துக் கட்டிக் கொடுக்கும் பிரிவில் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து முதலாளி, திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். அச்சுப் பிசகிய பைகளை வீட்டுக்கு எடுத்துப்போக விடுவார்கள். அப்படி வந்த ஒன்றுதான் எனக்குப் புத்தகப் பை. அதில் பச்சை மையில் கடையின் பெயரும், கீழே பட்டுச்சேலை, நூல்சேலை, வேட்டி என்றும் இருக்கும். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து என் விரலைப் பிடித்து அந்தப் பையின் மேல் ஓட்டுவாள். லகரத்துக்கு முன்னால் ஒரு சுருள் எழும்பி வளைந்து எழுத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதுதான் அன்றைய லை. னையும் ணையும் ளையும் அப்படித்தான். "இதுதான் தும்பிக்கை. தும்பிக்கையத் தூக்கிட்டு யான வருது பாரு" என்பாள். யானை என்று எழுதினால் உண்மையிலேயே அதற்குள் ஒரு யானை நின்றது. அதற்கப்புறம் நான் அதை மறப்பேனா?

இங்கே அதை எழுதிக் காட்டலாம் என்று பார்த்தேன். கைப்பேசியில் எந்த விசையை எப்படி அழுத்தினாலும் அந்த எழுத்து வர மாட்டேன் என்கிறது. லை என்று புதிதுதான் வருகிறது. அம்மாவின் எழுத்தைப் பற்றி எழுதுகிறேன், அம்மாவின் எழுத்தில் எழுத முடியவில்லை. இதற்கும் யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து தீர்மானம் செய்திருப்பார்கள்.

நான் இரண்டாம் வகுப்பு வந்தபோது அரசு எழுத்தை மாற்றியிருந்தது. தட்டச்சுக்கும் அச்சுக் கோர்ப்பதற்கும் சுலபம் என்று காரணம் சொன்னார்களாம். இருக்கட்டும். புதுப் புத்தகத்தில் தும்பிக்கை போய், மற்ற எழுத்துக்குப் போடுகிற மாதிரி முன்னால் தனியாக ஒரு கொம்பு வந்திருந்தது. ஆனால் பேருந்துப் பலகையில், மருந்துக் கடையில், ரேஷன் அட்டையில், அப்பாவின் முதலாளியுடைய பையில் பழசேதான். பையை ஏன் மாற்றவில்லை என்று பின்னால் ஒருமுறை அப்பாவிடம் கேட்டபோது, "கவர்மெண்டு மாத்துனா மொதலாளி மாத்திருவாரா? செஞ்சு வச்ச அச்ச என்ன செய்ய?" என்றார். முதலாளிக்கு அந்தச் சலுகை இருந்தது. எனக்கு இல்லை.

எங்கள் டீச்சர் பொல்லாதவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். இன்ஸ்பெக்‌ஷன் வரப்போகிறது என்று பயந்துபோயிருந்தார். அவருக்கே கை பழைய கை. கரும்பலகையில் மலை என்று எழுதத் தொடங்கி, பாதித் தும்பிக்கை போட்டபின் நினைவு வந்து, உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவார். உள்ளங்கை எப்போதும் வெள்ளையாக இருக்கும். யாரும் சிரிக்க மாட்டோம். டீச்சர் எழுதினால் அது பிழை ஆகாது என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

ஒரு நாள் அவர் சொல்லச் சொல்ல நாங்கள் சிலேட்டில் எழுதினோம். யானை, பூனை, தலை, இலை, வீணை. ஒன்றையும் விடாமல் எழுதினேன். எல்லாவற்றிலும் தும்பிக்கை. டீச்சர் சிலேட்டை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொன்றின் மேலும் கோடு இழுத்தார். பிறகு அடிக்கோலால் கையில் போட்டார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு அம்மா என்றேன். நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

அம்மா மறுநாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அவள் சண்டைக்கு வரவில்லை. ஊரில் அஞ்சாவது வரை படித்தவள். அவளுடைய வீட்டில் பெண்களில் அவள்தான் அவ்வளவு தூரம் படித்தது. வாரம் தவறாமல் ஊரில் இருக்கும் சித்திக்கு இன்லாந்துக் கடிதம் எழுதுவாள். மடிப்பு வரை, ஓரம் வரை, முகவரிக்குப் பக்கத்தில் மிஞ்சிய இடம் வரை நிரப்பி எழுதுவாள். இந்தப் பட்டணத்தில் அவள் யாரோடும் அதிகம் பேசியதில்லை. பேச வேண்டியதெல்லாம் அந்த நீலத்தாளுக்குள் போய்க்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவள், பிள்ளைக்குத் தான் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டோமோ என்று பதறி வந்திருந்தாள். கையில் என் மஞ்சள் பை. புத்தகங்களை வெளியே எடுத்துவிட்டு, வெறும் பையை மடித்து வைத்திருந்தாள்.

டீச்சரின் மேசையில் பையை விரித்துக் காட்டினாள். கடைக்காரர்கள் எல்லாரும் இப்படித்தானே போட்டிருக்கிறார்கள் என்று கேட்டாள். அது கடை, இது ஸ்கூல் என்றார் டீச்சர். பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னார்.

"நீங்க எழுதறது தப்புன்னு சொல்லலம்மா. அது இப்ப எழுத்தே இல்லங்கறேன்."

"யாரு டீச்சர் அப்படிச் சொன்னது?"

"ஆர்டர் வந்திருக்கு."

"எங்களுக்கு ஒண்ணும் வரலையே."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அம்மா நகைச்சுவையாக எதுவும் சொல்லவில்லை. இன்று நினைத்தால் அந்த வகுப்பறையில் பேசப்பட்டவற்றில் நியாயமான வார்த்தை அது ஒன்றுதான். வெள்ளம் வந்தால் அடையாற்றங்கரைக் குடிசைகளுக்குத் தண்டோரா போட்டுச் சொல்வார்கள். ரேஷனில் மண்ணெண்ணெய் வந்தால் தெருவுக்கே தெரியும். ஒரு மனுஷி கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட எழுத்தை எடுத்துக்கொள்வதற்கு ஒருவரும் வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

அம்மா கோபித்துக்கொண்டு திரும்பியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள், "புதுசு எப்படின்னு காட்டுங்க டீச்சர், நான் படிச்சிக்கிடுதேன். வீட்ல அப்படியே சொல்லிக் குடுத்திருவேன்" என்றாள்.

டீச்சர் சாக்பீஸைக் கொடுத்தார். எழுதுங்கள் பார்க்கலாம் என்றார். அவருக்கு அது உதவி செய்வதாகத்தான் பட்டிருக்கும். பிள்ளைகளுக்கும் ஒரு பாடமாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். யா எழுதினாள். அழகான யா. அப்புறம் கை தானாகச் சுழன்று தும்பிக்கையைத் தூக்கிவிட்டது. டீச்சர் அழித்தார். பக்கத்தில் புதிய னையை எழுதிக் காட்டினார். அம்மா தலையாட்டினாள். மறுபடி யா. மறுபடி தும்பிக்கை. கண் புதியதைப் பார்த்தது. கை பழையதை எழுதியது. டீச்சர் மறுபடி அழித்தார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஆற்றோரத்துப் பெண். வாய்த்துடுக்கு. "இன்னாடி, உங்கம்மா தும்பிக்கைய வுடவே மாட்டேங்குது" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். முதல் பெஞ்சு வரை கேட்டுவிட்டது. இந்த முறை டீச்சருக்கே சிரிப்பு வந்து, வாயைப் பொத்திக்கொண்டார். அம்மாவும் சிரித்தாள். எல்லாரும் சிரிக்கும்போது சிரிக்காமல் நிற்க முடியாதே, அப்படி ஒரு சிரிப்பு. மூன்றாவது தடவை அவள் எழுதவில்லை. சாக்பீஸை மேசையில் வைத்தாள். பையை மடித்து எடுத்துக்கொண்டு, டீச்சருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

நாங்கள் யாரும் சிரிக்காத அதே பிழை. அதே கரும்பலகை. டீச்சரின் உள்ளங்கையில் அம்மாவின் யானையும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்றைக்குப் படித்தவர்கள் யாராவது இருப்பார்கள், எழுத்து என்பது ஓர் அடையாளம்தானே, எந்த வடிவமானால் என்ன, பழகிக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள். பழகிக்கொள்ளலாம். நான் அந்த வாரமே பழகிவிட்டேன். பிள்ளைகளுக்கு எதுவும் பழகும். எந்த வடிவமானால் என்ன என்பது உண்மையென்றால், அம்மாவின் வடிவத்தையும் விட்டுவைத்திருக்கலாமே என்பதுதான் என் கேள்வி. யந்திரத்துக்குக் கஷ்டம் என்று எழுத்தை மாற்றுகிறவர்கள், கைக்குக் கஷ்டம் என்று ஒரு கோட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். ஜப்பானியச் சிவப்புக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு வந்தது இந்த எரிச்சல்தான். மகளுக்கு ஒரு மார்க்குதான் போயிற்று. அவளால் விட முடிகிறது.

அந்த வாரம் சித்திக்குக் கடிதம் எழுதும் நாள் வந்தது. அம்மா இன்லாந்தை என் முன்னால் வைத்து, பேனாவையும் கொடுத்தாள். இனிமேல் நான்தான் எழுத வேண்டும், அவள் சொல்லுவாள். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டாம் வகுப்பிலேயே பேனா. அதுவும் பெரியவர்கள் கடிதம். என் கையெழுத்து அவ்வளவு நன்றாக இருக்கிறது போல என்று எண்ணிக்கொண்டேன். அம்மா சொல்வது வர வரக் குறைந்தது. எல்லாரும் சௌக்கியம், அங்கே எல்லாரும் சௌக்கியமா. பாதிப் பக்கம்கூட நிரம்பாது. என் எழுத்து பெரிது, அம்மாவுக்கு இடத்தை வீணாக்க மனமில்லை என்று அதற்கும் நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். ரேஷன் கடையில் கையெழுத்துப் போடும்போதுகூட அவள் பேனாவைப் பிடிக்குமுன் என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

சித்தியிடமிருந்து பதில் வந்தது. முழுக்கத் தும்பிக்கைகள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஏன் அக்காவின் கையெழுத்தைக் காணவில்லை, உடம்புக்கு ஏதாவதா, மறைக்காமல் எழுது என்று கேட்டிருந்தாள்.

அம்மா அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள்.

"கை வலின்னு எழுது" என்றாள்.

எழுதினேன். புது எழுத்தில், பிழையில்லாமல். எழுதி முடித்ததும் எனக்குக் கவலை வந்துவிட்டது. அலமாரியிலிருந்து தைலத்தை எடுத்து வந்தேன். அம்மாவின் வலது கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, எங்கேம்மா வலிக்கிறது என்று கேட்டேன். அவள் யோசித்தாள். பிறகு ஆள்காட்டி விரலை நீட்டினாள். நான் அதன் நுனியிலிருந்து அடிவரை அழுத்தித் தேய்த்துவிட்டேன். இப்போது பரவாயில்லையா என்று கேட்டதற்கு, பரவாயில்லை என்றாள்.

அப்புறம் வெகு நாள் வரை தினமும் தேய்த்துவிட்டேன். அந்த விரலில் வீக்கமும் இல்லை, காயமும் இல்லை. பிறகு ஏன் இது ஆறவே மாட்டேன் என்கிறது என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.