மிளகாய்த் தராசில் நானும் தங்கச்சியும்

வத்தல் நெடி எங்கிருந்து வந்தாலும் சரி, எனக்கு முதலில் வருவது தும்மல் இல்லை. ஒன்றுக்குப் போக வேண்டும் போலிருக்கும். ஊர் மாறி, வயது மாறி, இன்றைக்கும் அப்படித்தான்.

யுத்த காலம். பேரையூர்ப் பக்கம் மழையே இல்லை. மதுரையில் தர்மவான்கள் சிலர் கூடி, எங்கள் பள்ளிக்கூடத்தில் தினம் ஒரு தம்ளர் பாலுக்கு ஏற்பாடு செய்தார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான். அதுவும் எடை குறைந்த பிள்ளைக்கு. வாத்தியார் வத்தல் கடையிலிருந்து பெரிய தராசை இரவல் வாங்கி வந்தார். படிக்கற்களைக் கடைக்காரர் தரவில்லை. வாத்தியார் அசரவில்லை. கல் எதற்கு? ஒரு தட்டில் அக்கா, மறு தட்டில் தங்கச்சி. மேலே போகிற தட்டுக்குப் பால்.

என் தங்கச்சி குளிர்காய்ச்சலில் கிடந்து எழுந்தவள். கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. பால் அவளுக்குத்தான் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. நிறுக்கிற அன்று காலையில் எங்களை ஒவ்வொருத்தியாகத் தூக்கிப் பார்த்தாள்.

"நீதான்டி கம்மி" என்றாள் என்னிடம், திருட்டைக் கண்டுபிடித்தவள் போல. இரண்டு பேர் கூழையும் எனக்கே ஊற்றினாள்.

"எனக்கு?" என்றாள் தங்கச்சி.

"நீ திங்கப்படாது. தின்னா பாலு கிடைக்காது."

கூழுக்கு மேல் எனக்கு ஒரு செம்பு தண்ணீர். வயிறு நிறைவது என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. வலிக்கிறது.

"வழியில ஒண்ணுக்கு இருந்துராத. அம்புட்டும் வீணாப் போயிரும்" என்றாள் அம்மா.

அம்மாவோடு போய்ப் பள்ளிக்கூட வாசலில் பார்த்தால், எல்லா வீட்டு மூத்ததுகளும் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றன. இளையதுகள் சுருண்டு உட்கார்ந்திருந்தன. ஊரே ஒரே யோசனை யோசித்திருந்தது.

தட்டில் ஏறினோம். வத்தல் தூசி. நான் தும்ம, அவள் தும்ம, தராசு தொட்டிலாகிவிட்டது.

"ஆடாதீக புள்ளைகளா. நின்னாத்தானே பாலு யாருக்குன்னு தெரியும்" என்றார் வாத்தியார்.

மூச்சை அடக்கினேன். மற்றதையும் அடக்கினேன். என் தட்டு மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. ஒன்றும் தின்னாத என் தங்கச்சி, ராட்டினத்தில் போகிறவள் மாதிரி சிரித்துக்கொண்டே மேலே போனாள். நான் வேலிப் பக்கம் ஓடினேன்.

திரும்பி வந்தபோது அவள் காலித் தம்ளருக்குள் நாக்கை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். வாத்தியார் அம்மாவை எச்சரித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த மாசமும் நிறுப்பேன்மா. பாலக் குடிச்சு சின்னவ எடை ஏறிட்டா, பாலு பெரியவளுக்கு மாறிரும்."

அம்மா தங்கச்சியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"ஏறாமப் பாத்துக்கிறேங்கய்யா. வாரோம்."