சிங்கமீனின் வெள்ளிக்கிழமை விரதம்

சிங்கமீனுக்கு நானூறு லீட்டர் தொட்டி வேண்டும் என்றார், ஹம்பேர்க்கில் வளர்ப்பு மீன் விற்பவர். எங்கள் குளியல் தொட்டியே அதில் பாதிதான். சோபாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு இடம் பிடித்தேன். சாப்பாட்டுக்கு, உறையவைத்த இறால்.

முதல் வெள்ளிக்கிழமை இறாலை எடுத்ததும் மனைவி மறித்தாள்.

"வெள்ளிக்கிழமை இந்த வீட்டில மச்சம் மாமிசம் இல்லை. அதுவும் இந்த வீட்டிலதானே இருக்குது."

வாரத்தில் ஒருநாள் பட்டினி போட்டால் நல்லதென்று கடைக்காரரும் சொல்லியிருந்தார். இறாலைத் திரும்ப உறைபெட்டிக்குள் வைத்தேன்.

மாலையில் கோயிலுக்குப் போய்த் திரும்பினால், துணைக்கு விட்டிருந்த நீலக் குட்டிமீனைக் காணவில்லை. சிங்கமீனின் வயிறு உப்பியிருந்தது.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்கட குணம்தான் அதுக்கும்."

வெள்ளிதோறும் வேலையிடத்தில் நான் தின்னும் இறைச்சிச் சொசேஜைப் பற்றி அவளுக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.