சவப்பெட்டிச் சேவல்களின் பேஸ்காரி

கார்னிவல் வந்துவிட்டால் நாடே சாம்பாவுக்கு இடுப்பை ஆட்டும். குரிச்சிபா நகரத்தில் மட்டும் ஒரு கூட்டம் முகத்தில் ரத்தச் சாயம் பூசி, தலைமுடியைச் சேவல் கொண்டையாக நிமிர்த்திக்கொண்டு சைகோபில்லி கேட்கக் கிளம்பும். ராக்கபில்லி என்ற பழைய ராக் இசைக்குப் பேய் பிடித்து, வேகமும் இரட்டிப்பானால் அதுதான் சைகோபில்லி.

ஜந்தீரா வோஸ்னியாக் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள். பகலில் பேருந்து நிலையத்தில் கட்டணம் வாங்குவாள். வேலை முடிந்ததும், தன்னைவிட உயரமான டபுள் பேஸ் என்ற தந்தி வாத்தியத்தைக் கட்டிப்பிடித்தபடி அதே நிலையத்தில் பேருந்து ஏறுவாள்.

"என்ன ஜந்தீரா, உன் வீட்டுக்காரர் இன்னைக்கும் டிக்கெட் எடுக்கலையா?" என்பார்கள் கூட வேலை செய்கிறவர்கள்.

"நின்னுக்கிட்டே வர்ற மனுஷனுக்கு எதுக்குய்யா டிக்கெட்டு?"

தந்தியை இழுத்து, கட்டையில் பளாரென்று அறையவிட்டு வாசிக்கும் வித்தையை அவள் தானாகவே கற்றுக்கொண்டாள். 'பொம்பளைக்கு இவ்ளோ பெரிய வாத்தியமா?' என்று கேட்ட குழுக்களையெல்லாம் தாண்டித்தான் 'சவப்பெட்டிச் சேவல்கள்' குழுவுக்கு வந்தாள். அதுவும் தற்காலிகமாக. பேஸ் வாசித்த வாண்டர்லே வெளியூர் வேலைக்குப் போயிருந்தான். கார்னிவலுக்கு முந்தின வாரம் திரும்பி வந்து நின்றான்.

டிரம்ஸ் வாசிக்கும் நெஸ்டோர்தான் குழுவுக்குத் தலைவர். "ஞாயித்துக்கிழமை மேடை உனக்குத்தான், ஜந்தீரா. கடைசிப் பாட்டு வரைக்கும் தாங்கிட்டேன்னா இடமும் உனக்கே. நடுவுல நின்னா, வாண்டர்லேக்கு" என்றார்.

ஞாயிறு மதியம் ஒலி சரிபார்க்கும்போது மேல்தந்தி அறுந்தது. இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் பேஸில் கட்டுவது புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிற்றைத்தான். மலிவு, உறுதி. கிட்டார் வாசிக்கும் கில்மார் முந்தின நாளே ஒரு சுருள் வாங்கி வைத்திருந்தான். ஜந்தீரா நெற்றியில் சாயம் பூசிக்கொண்டிருந்த நேரத்தில் அவனே மாட்டியும் விட்டான்.

மேடையில் முதல் பாட்டிலேயே விரல் சுரீரென்றது. குனிந்து பார்த்தாள். உருண்டையாக இருக்க வேண்டிய கயிறு, நாலு பக்கமும் கூரான சதுரக் கயிறாக இருந்தது.

"டேய் கில்மார், என்னத்தடா மாட்டியிருக்க?"

"சதுரம்தான்க்கா சூப்பரா வெட்டும்னு கடைக்காரர் சொன்னாரு!"

"நான் என்ன புல்லா புடுங்கிக்கிட்டிருக்கேன்?"

மூன்றாம் பாட்டில் விரலில் சுற்றியிருந்த ஒட்டுப்பட்டை கிழிந்தது. ரத்தம் பேஸின் மேல் வழிந்தது. கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது. ஆளாளுக்கு ரத்தம் பூசி வந்திருக்கிற இடத்தில் நிஜ ரத்தத்தை யார் கண்டுபிடிப்பது?

முன்வரிசையில் நின்ற வாண்டர்லே கண்டுபிடித்தான். பேஸ்காரன் கண் விரலைத்தானே பார்க்கும்.

"நிறுத்துங்கய்யா! அது நிஜ ரத்தம்!" என்று கத்தினான்.

"ஆஹா, என்னமா நடிக்கிறான்!" என்று கூட்டம் அவனை அலாக்காகத் தலைக்குமேல் தூக்கிவிட்டது.

"ஏ ஜந்தீரா, கை போயிரும்! பேஸை என்கிட்ட குடு!" அவன் தலைகளின் மேல் மிதந்துகொண்டே அலறினான்.

"முதல்ல நீ கீழ இறங்குடா மச்சான்!"

அந்தத் தந்தியை அவள் கைவிட்டாள். மேல்தந்தியின் ஸ்வரங்களையெல்லாம் பக்கத்துத் தந்தியிலேயே, பேஸின் கழுத்தில் கீழ்ப்பகுதிக்கு இறங்கிப் பிடித்தாள். இடது கை மேலும் கீழும் எலிபோல ஓடியது. இரண்டு இடங்களில் ஸ்வரம் எட்டவில்லை. அங்கே பேய் மாதிரி ஊளையிட்டுச் சமாளித்தாள். கூட்டமும் சேர்ந்து ஊளையிட்டது. கடைசிப் பாட்டு முடிந்தபோது அவள் பேஸைப் பிடித்திருந்தாளா, பேஸ் அவளைப் பிடித்திருந்ததா என்று சொல்வது கஷ்டம்.

நெஸ்டோர் குச்சிகளைக் கீழே வைத்தார். தலை கலைந்து, ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்த வாண்டர்லேயைப் பார்த்தார்.

"கார் வெச்சிருக்கேல்ல? எங்க பேஸ்காரியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

வாண்டர்லே சாவியை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் நெற்றியைத் துடைத்துத் துடைத்துக் காயத்தைத் தேடினாள். "அது சாயம்மா, இதுதான் நிஜம்" என்று ஜந்தீரா கையை நீட்டினாள்.

"ஐயோ! என்ன வேலை பாக்குறீங்க?"

"சவப்பெட்டிச் சேவல்கள்ல பேஸ்" என்றாள் ஜந்தீரா. பேருந்து நிலையத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.