மேல்மாடியில் காய்ந்த டயர்

வீரய்யாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அது ஹட்டன் கடைவீதி முழுக்கத் தெரிந்த சங்கதி. "மலையில ஏறி எறங்குற வண்டி எதுவா இருந்தாலும் ஒருநாளைக்கு என் வாசலுக்கு வந்துதான் ஆகணும்" என்று அவர் சொல்லித் திரிந்த காலத்தில், அவர் வாசலுக்கு வந்ததெல்லாம் தெருநாயும் மழைத்தண்ணியும்தான். அதற்காக மனுஷன் சொல்வதை நிறுத்தினாரா? இல்லையே! நாய்க்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாற்பத்தெட்டில் அவர் கல்லுமலைத் தோட்டத்து லொறியில் கிளீனர். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஹட்டன் ஸ்டேஷனுக்கு இறங்குவதும், அரிசி மூட்டையோடு திரும்ப ஏறுவதும்தான் வேலை. டிரைவருக்குக் கண் ரோட்டில் என்றால் வீரய்யாவுக்குக் கண் டயரில். ஒவ்வொரு வளைவிலும் அது கல்லில் உரசித் தேய்வதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரியும். கீழ்நாட்டுத் தோட்டங்களில் சீவிய ரப்பர் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகிறது. டயராகித் திரும்பிக் கப்பலில் வருகிறது. இங்கே வந்து ஒரே மழைக்காலத்தில் வழுக்கைத் தலையாகி, பங்களாப் பூந்தோட்டத்தில் செடி நடும் தொட்டியாகிவிடுகிறது. இதைப் போல அநியாயம் உண்டா என்று கேட்பார்.

புது டயர் இறக்கி விற்கலாமே என்றால், அதற்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் வேண்டுமென்றால் இந்த நாட்டுப் பிரஜை என்று பத்திரம் வேண்டும். அந்தப் பத்திரம்தான் அதே நாற்பத்தெட்டில் தோட்டத்து ஜனங்களுக்கு இல்லையென்று சட்டம் போட்டு விட்டார்களே! வேறு யாராவது என்றால் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். வீரய்யா வேறு மாதிரிக் கணக்குப் போட்டார். "புதுசு விக்கத்தானே பத்திரம் கேக்குறான்? பழசப் புதுசாக்குறதுக்கு எவன் கேக்கப் போறான்?" என்று கண்டிக்குப் போய், ஒரு பட்டறையில் அடிமட்ட வேலையிலிருந்து தொடங்கி, தேய்ந்த டயரைச் சுரண்டிப் புது ரப்பர் ஒட்டி, நீராவி அச்சுக்குள் வைத்து வேகவைக்கும் வித்தையை முழுசாகக் கற்றுக்கொண்டு வந்தார். டிக்கோயா ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை எடுத்துப் பலகையும் மாட்டினார்.

அவர் சம்சாரம் நாகலெட்சுமி மட்டும் தோட்டத்தை விட்டு அசையவில்லை. தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்து ஆலையில், தூள் பிரிக்கும் வேலை அவளுக்கு. அவள் பெயர் தோட்டத்துச் சம்பளப் பேரேடான செக்ரோலில் இருக்கும் வரைக்கும்தான் லயத்து வரிசை வீட்டில் ஒரு காம்பிரா. "உங்க கடை நிக்கட்டும், அப்புறம் நான் எறங்கி வாறேன்" என்று சொல்லிவிட்டாள். அவளுடைய அண்ணன் பழனியாண்டியும் அதே ஸ்டோரில்தான் இருந்தார். மேல்மாடியில் பச்சைக் கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாடப்போடுகிற இடத்துக்கு அவர் கங்காணி.

கடை லேசில் நிற்கவில்லை. "செத்த டயருக்குச் சட்டை தைக்கிறான்" என்று கேலி பேசினார்கள். தனியார் பஸ்காரர்கள் சிலர் நம்பி வந்தார்கள். ஐம்பத்தெட்டில் பஸ்ஸையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் ஒரே நாளில் அந்த வாடிக்கையும் போயிற்று. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. வந்த ஒன்றிரண்டு லொறிக்காரர்களோ, உள்ளே நூல் தெரிகிற வரைக்கும் டயரை ஓட்டிவிட்டு, அப்புறம் கொண்டுவந்து போட்டார்கள். "நூல் தெரிஞ்சபெறகு என்கிட்ட ஏன் கொண்டாறீங்க? சுடுகாட்டுக்குக் கொண்டுபோங்க!" என்று வீரய்யா கத்துவார். கத்திக் கத்தியே ஊருக்கு அந்தப் பாடத்தைப் புகட்டினார்.

அப்புறம் காலம் திரும்பியது. நாட்டில் அந்நியச் செலாவணி வற்றிப்போய், அறுபதுகளின் தொடக்கத்தில் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தார்கள். லைசென்ஸ் வைத்திருந்த பெரிய கடைகளில் விற்பதற்கு டயர் இல்லை. லைசென்ஸ் இல்லாத வீரய்யாவின் கொட்டகையில் டயர் மலையாகக் குவிந்தது. ஆனைக்கு ஒரு காலம் என்றால் பூனைக்கும் ஒரு காலம் வராமலா போகும்? தோட்டங்களுக்கு லொறி ஓட்டிய மர்சூக் முதலாளியே தேடிவந்து, தன்னுடைய லொறிகள் அத்தனைக்கும் டயர் போடும் வேலையைக் கொடுத்தார்.

"ஒட்டினது ஒட்டினதுதான் முதலாளி. மலையே பேந்தாலும் என் ரப்பர் பேராது" என்றார் வீரய்யா.

மழைக்காலம் வந்தது. ரப்பர் பேர்ந்தது. ஒன்றல்ல, அடுத்தடுத்து. ஒரு லொறி தேயிலைப் பெட்டிகளோடு மண்மேட்டில் சாய்ந்து நின்றது. ஆளுக்குச் சேதமில்லை, ஆண்டவன் புண்ணியம். மர்சூக் முதலாளி உரிந்த ரப்பரைப் பாம்பைத் தூக்குவதுபோல் தூக்கி வந்து கொட்டகை வாசலில் போட்டார்.

"ஒன்ட டயர்ர தோல் றோட்டுல கிடந்திச்சி, வீரய்யா. இன்னும் ஒரு தரம் பாக்கிறேன். அதுவும் கழண்டா நான் கண்டிக்குப் போறேன். ஊரும் என் பொறகால வரும்."

ஊர் கண்டிக்குப் போனால் கொட்டகையை மூட வேண்டியதுதான். வீரய்யாவுக்கு முதல்முறையாக வாய் அடைத்துப்போயிற்று. அதே கைதான், அதே ரப்பர்தான், அதே அச்சுதான். கண்டியில் ஒட்டியது இங்கே ஏன் ஒட்டவில்லை? உரிந்த டயரை அறுத்துப் பார்த்தார். உள்ளே கொப்புளம் கொப்புளமாக இருந்தது. பாழாய்ப்போன ஈரம்! இந்த மலைப் பனியில் பழைய டயரின் நூலெல்லாம் தண்ணீர் குடித்துவிடுகிறது. அச்சுக்குள் வேகும்போது அந்த ஈரம் ஆவியாகிப் புது ரப்பரைத் தூக்கிவிடுகிறது. கண்டி வெயிலில் தானாகக் காய்ந்தது, இங்கே சாமியைக் கும்பிட்டாலும் காயாது. வெளியே தொங்கவிட்டால் இன்னும் நனைந்தது. அடுப்படியில் வைத்தால் ஒரு பக்கம் கருகியது, மறுபக்கம் குளிர்ந்து கிடந்தது.

அப்போதுதான் அவருக்கு அந்தப் புத்தி வந்தது. இந்த மலையில் நாள் முழுக்க இதமான சூட்டுக் காற்று ஓடுகிற ஒரே இடம் எது? தேயிலை ஸ்டோரின் மேல்மாடி. ஞாயிற்றுக்கிழமை காலையோடு ஆலை ஓயும், தூள் உலர்த்துகிற அடுப்பின் சூடு மட்டும் மறுநாள் வரைக்கும் நிற்கும். தட்டுகளெல்லாம் காலியாகக் கிடக்கும்.

"கொழுந்து காயிற எடத்துல டயரா?" என்று பழனியாண்டி தலையைச் சொறிந்தார்.

"ஒரு ஞாயித்துக்கெழம மட்டும் மச்சான். திங்கக்கெழம காலையில தூக்கிர்றேன். ஈ, எறும்புக்குத் தெரியாது."

தங்கச்சி புருஷன் பிழைப்பாயிற்றே. பழனியாண்டி சாவியைக் கொடுத்தார். டயர்கள் அப்பளம்போலக் காய்ந்தன. திங்களன்று வீரய்யா ரப்பர் ஒட்டி வேகவைத்தார். தட்டிப் பார்த்தால் ஒரு கொப்புளத்தின் சத்தமும் இல்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒரு பொட்டலம் பூந்தி வாங்கிக்கொண்டு, மச்சானைப் பார்த்துச் சந்தோஷம் சொல்லத் தோட்டத்துக்குப் போனார்.

ஸ்டோரின் பின்வாசலில் நாகலெட்சுமி நின்றாள். கையில் ஒரு பிடி தேயிலைத்தூள்.

"மோந்து பாருங்க."

"டீ வாசம்தானே புள்ள?"

"நல்லா மோந்து பாருங்க. இது உங்க சட்டை வாசம். வாராவாரம் கல்லுல அடிச்சுத் தொவைக்கிறவளுக்குத் தெரியாதா?"

வீரய்யா மோந்தார். ஐயோ, அதேதான்! தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசத்தையும் வாரிக்கொள்ளும். சோப்புக் கட்டியைக்கூட உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. அதை வீரய்யாவும் மறந்தார், வாழ்நாளெல்லாம் கொழுந்தோடு கிடந்த பழனியாண்டியும் மறந்தார். டயரின் நாற்றம் சாக்கில் ஏறி, சாக்கிலிருந்து திங்கட்கிழமைக் கொழுந்து முழுவதிலும் இறங்கிவிட்டது.

பழனியாண்டி முகம் வெளுத்து ஓடிவந்தார். "மச்சான், டீமேக்கர் இன்னும் ருசி பாக்கல. மத்தத் தூளோட கலந்துட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

"கலந்தா நல்ல தூளும் சேந்து நாறும்ண்ணே" என்றாள் நாகலெட்சுமி. "கொழும்பு ஏலத்துல நம்ம தோட்டத்து டீய எவன் தொடுவான்? கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க அத்தன பேரு வயித்துலயும் அடிக்கச் சொல்றியா?"

வீரய்யா பூந்திப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு நேரே ஆபீசுக்கு நடந்தார்.

நடந்ததைக் கேட்டதும் தோட்டத்தை நடத்துகிற துரை நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "ஒன் டயரக் காயப்போட என் ஸ்டோர்தான் கெடைச்சிதா?"

"தப்புத்தாங்க தொரை. சூட்டுக் காத்தப் பாத்தேன், புத்தி அங்க போயிருச்சு. மச்சான் மேல குத்தமில்லீங்க. நான் கேட்டேன், அவரு தந்தாரு."

"தந்தானே, அதுதான் குத்தம்!"

அன்றைய தூள் முழுவதும் உரக்குழிக்குப் போயிற்று. சாக்குத் தட்டுகளை எல்லாம் கழற்றி எரித்தார்கள். பழனியாண்டியின் கங்காணி வேலை போய், அதே ஸ்டோரின் அடுப்புக்கு விறகு சுமக்கிற வேலை வந்தது. இனி இந்தத் தோட்டத்து வண்டியில் வீரய்யாவின் டயர் ஒன்றுகூட ஏறாது என்று துரை சத்தியமே செய்துவிட்டார். நல்லவேளை, நாகலெட்சுமியின் வேலையைத் தொடவில்லை. அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள் என்பதை ஆலைப் பொறுப்பாளரான டீமேக்கர் எடுத்துச் சொன்னாராம்.

பழனியாண்டி அதற்குப் பிறகு வீரய்யாவோடு பேசவில்லை. விறகுக் கட்டோடு எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். தலைமுடி நரைத்த மனுஷன், நேற்றுவரை மேலே நின்று அதிகாரம் பண்ணியவர், கீழே குனிந்து விறகு தள்ளுவதைப் பார்க்கும்போது வீரய்யா தலையைக் குனிந்துகொள்வார். கடை மூடிப்போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஆனால் கடை மூடவில்லை, அதுதான் வேடிக்கை. மேல்மாடியில் காய்ந்த அந்த டயர்கள் மர்சூக் முதலாளியின் லொறியில் ஏறி, மழை முழுக்க ஓடியும் ஒரு நகக்கண் அளவுகூடப் பேரவில்லை. வீரய்யா கொட்டகைக்குப் பின்னால் செங்கல்லால் ஒரு சூட்டறை கட்டினார். பிடுங்கிப்போட்ட கிழட்டுத் தேயிலை மரத்தின் கட்டையை எரித்து, வந்த டயரையெல்லாம் முதலில் அதற்குள் காயவைத்தார். தலவாக்கலையிலிருந்தும் வண்டிகள் வரத் தொடங்கின. களனியில் அரசாங்கமே டயர் ஆலை கட்டப் போகிறதாம், உன் கதி என்னவாகும் என்று யாரோ பயமுறுத்தினார்கள். "கட்டட்டுமே! புது டயரும் தேயத்தானே போகுது? தேஞ்சா எங்க வரும்?" என்றார். பழைய வாய் திரும்பிவிட்டது.

கல்லுமலைத் துரையும் எத்தனையோ இடத்தில் கேட்டுப் பார்த்தார். கொழும்பில் சொன்னது, அடுத்த கப்பல் வரட்டும் என்று. அடுத்த கப்பலும் வந்தது, டயர் வரவில்லை. தோட்டத்து லொறிகள் கட்டை மேல் ஏறி நின்றன. கடைசியில் ஒருநாள் தோட்டத்து டிரைவர் அழகுமுத்து தேய்ந்த டயர்களைக் கொண்டுவந்து கொட்டகையில் இறக்கினார்.

"தொரைதான் அனுப்பினாருண்ணே. எல்லா வண்டிக்கும் இனி நீங்கதானாம். நல்லா ஓடிச்சின்னா சுத்துவட்டாரத் தொரைமாரு எல்லாருக்கும் சொல்றாராம்."

இதற்காகத்தான் வீரய்யா இத்தனை வருஷமும் வாய் கிழியப் பேசியது. பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. அவர் டயர்களைக் குனிந்து பார்த்தார், நூல் தெரியவில்லை, நல்ல சரக்கு. நிமிர்ந்தார்.

"திருப்பி ஏத்து தம்பி."

"என்னண்ணே?"

"என் மச்சான் வெறகு சுமக்கிற ஸ்டோர்ல வர்ற டீய என் டயர் சுமக்காது. அவரு திரும்ப மேல்மாடிக்குப் போகட்டும், டயர் தானா வரும். இப்பிடியே போய்ச் சொல்லு."

பக்கத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த மர்சூக் முதலாளிக்குப் புரையேறிவிட்டது. "ஒனக்கென்ன பைத்தியமா? தொரமார்ர வேலைடா! வாயால கெட்ட தவளை மாதிரி ஆகிடாத!"

"போனா போகட்டும் முதலாளி" என்றார் வீரய்யா. சொல்லிவிட்டாரே தவிர, லொறி கண்ணை விட்டு மறைந்ததும் டயர் அடுக்கின் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். துரை கோபத்தில் நாகலெட்சுமியையும் லயத்தை விட்டுத் துரத்தினால்? சுற்றுவட்டாரத் துரைமாரெல்லாம் சேர்ந்து கடையை ஒதுக்கிவைத்தால்? ஆனாலும் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்க அவருக்கு மனம் வரவில்லை.

அந்த வாரம் முழுக்கத் தகவல் இல்லை. அப்புறம் துரையே தன் காரில் வந்து இறங்கினார். காரின் டயரும் வழுக்கைதான்.

"டயருக்கு வெல கேப்பன்னு பாத்தா, ஆளக் கேக்கிறியா?"

"வெல எல்லாருக்கும் உள்ள வெலதாங்க. அது வேற. தப்பு நான் செஞ்சது, செமக்கிறது அவரு. அதத்தாங்க கேக்கிறேன்."

துரை அந்தச் சூட்டறைக்குள் எட்டிப் பார்த்தார். அடுக்கடுக்காகக் காய்ந்த டயர்களைத் தொட்டும் பார்த்தார். "இது என் ஸ்டோர்ல கத்துக்கிட்டதுதானே?" என்று முணுமுணுத்தார். கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியாத முகம். பிறகு, "திங்கக்கெழமையிலருந்து அவன் மேல போகட்டும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

திங்கட்கிழமை அச்சிலிருந்து கையை எடுத்த கையோடு வீரய்யா தோட்டத்துக்கு ஓடினார். மேல்மாடிப் படியின் உச்சியில் பழனியாண்டி நின்றார். தோளில் துண்டு, கையில் ஒரு பிடி கொழுந்து. அவ்வளவு நாள் பேசாத மனுஷன், படியில் கால் வைத்த வீரய்யாவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அங்கேயே நில்லு மச்சான்! இன்னொரு படி ஏறினே, நானே தொரைகிட்டப் போய்ச் சொல்லிப்புடுவேன்."

வீரய்யா காலைப் பின்னுக்கு இழுத்தார். சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

"போய்க் குளி. தங்கச்சி கறி ஆக்கியிருக்கா, நான் வேலை முடிச்சிட்டு வந்துர்றேன். ரெண்டு பேரும் சேந்து திம்போம்."

வீரய்யா லயத்துப் பீலிக்குப் போய், ஐஸாகக் கொட்டுகிற தண்ணீரில் தலையை நீட்டி, மறுபடி மறுபடி சோப்புப் போட்டுக் குளித்தார்.