கறிப் பங்கை மறுத்தவள்

சின்னக்குழந்தை என்பவளின் மகள் சுவேதாவுக்குப் பன்னிரண்டு வயது. பேச்சு வரவில்லை. கல்லோ, சோப்போ, செருப்பு வாரோ, கைக்குக் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும். பிடுங்கப் போனால் வெடுக்கென்று கடித்துவிடுவாள். பெற்றவளுக்கு வளர்க்கத் தெரியவில்லை என்று ஊர் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டது. தீர்ப்புச் சொன்ன ஒருத்தியும் அந்தப் பிள்ளையை அரை நாள் பார்த்துக்கொண்டதில்லை.

அந்த மலையூர்தான் சாமைக் கதிர் முற்றும்போது காட்டுப்பன்றிக்கு அவுட்டுக்காய் வைக்கும். கொழுப்பு தடவிய உருண்டை. கடித்தால் வாயோடு வெடிக்கும். செத்த பன்றியை அறுத்து வீட்டுக்கு வீடு பங்கு அனுப்புவார்கள். பங்கு வாங்கிய வீடு வனத்துறையிடம் மூச்சு விடக் கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு.

ஒரு நாள் காலையில் சுவேதா, அவுட்டுக்காய் வைக்கும் சிங்காரத்தின் சாமைக் கொல்லையிலிருந்து அந்த உருண்டையோடு வந்தாள். வாய் திறந்திருந்தது. சின்னக்குழந்தை பார்த்துவிட்டாள். ஓடிப்போய்ப் பிடுங்கவில்லை. வெல்லக் கட்டி ஒன்றை எடுத்து நீட்டினாள். பிள்ளை வெல்லத்துக்குக் கையை விரித்ததும் உருண்டையை மெல்ல எடுத்துத் தண்ணீர்க் குடத்துக்குள் இறக்கினாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

அழுத கண்ணோடு சிங்காரத்திடம் போனாள். "அண்ணா, பகல்லயாவது எடுத்து வெச்சிடுங்க. எம்பொண்ணு வாயில போடப் பாத்துச்சு."

"பன்னிக்கு வெச்சத உம்பொண்ணு எடுத்தா நான் இன்னா பண்றது? கட்டிப் போட்டு வளக்கறது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

சாயங்காலம் சிங்காரத்தின் மனைவி மங்கம்மாள் தேக்கு இலையில் கறிப் பங்கு கொண்டுவந்தாள். சின்னக்குழந்தையின் புருஷன் ஆனந்தன், வழக்கம்போல, கையை நீட்டினான். சின்னக்குழந்தை குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க வூட்டுக்கு வாணாம். எடுத்துக்கினு போங்க."

மங்கம்மாளின் முகம் கறுத்தது. பங்கு வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று மலையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஊரோடு ஒத்துப் போ என்று ஆனந்தன் கெஞ்சிப் பார்த்தான். மறுநாள் அவள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, வனத்துறை ஆபீஸ் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கு பஸ் ஏறினாள். அதற்கு அடுத்த நாள் வனத்துறை ஜீப் வந்து சிங்காரத்தை ஏற்றிக்கொண்டு போனது.

ஜாமீனில் வந்த சிங்காரம் அவளைக் கண்டால் காறித் துப்புகிறான். குழாயடிக்கு அவள் போனால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்கிறார்கள். ஆனால் சுவேதா எவன் கொல்லையில் கால் வைத்தாலும் நாலா பக்கமும் சத்தம் கிளம்புகிறது. "அந்தப் புள்ள வருது, கீழ இன்னா கெடக்குதுன்னு பாரு. இதுக்கு எதுனா ஆச்சுன்னா அவ மறுபடியும் ஜீப்ப கூட்டியாந்துடுவா."

"ஊரே நம்மள வெறுக்குதுடி," என்றான் ஆனந்தன்.

"வெறுக்கட்டும். எனக்கு வளக்கத் தெரியலன்னு சொல்லிக்கினு இருந்தப்ப ஒருத்தன் கண்ணும் இவ மேல இல்ல. இப்பதான் பாக்குறாங்க."