அப்பாவின் கார்டு

சூளகிரியில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது ஜெபராஜுக்குக் கிடைத்த பணம் முழுவதும் வங்கியில் டெபாசிட்டாக இருந்தது. அதன் வட்டியில் அவரும் மனைவி சூசைமேரியும் யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்தார்கள். ஒரே மகள் லிபியா ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். கணவன் பிள்ளைகளோடு அங்கேயே வாடகை வீடு. மாதம் ஒரு ஞாயிறு பெற்றோரைப் பார்க்க வருவாள்.

அப்படி வந்த ஒரு ஞாயிறன்றுதான் அப்பா யாருக்கோ பணம் அனுப்பிக்கொண்டிருப்பது தெரிந்தது. தர்ஷன் என்று ஒருவன், பெங்களூரிலிருந்து பேசுகிறானாம். போட்ட பணம் இரட்டிப்பாகுமாம்.

"ஏமாத்து வேலப்பா இது. ஒரு ரூபா திரும்பி வந்துச்சா?"

"வரும் பாப்பா. அந்தத் தம்பி தெனமும் போன் பண்ணுது. முட்டி வலி எப்டி இருக்குன்னு கேக்குது. நீ எப்பக் கேட்ட?"

மறுநாள் லிபியா லீவு போட்டு போலீசில் புகார் கொடுத்தாள். பணம் எங்கெங்கோ கைமாறிவிட்டது என்றார்கள். அப்பாவை வங்கிக்கு அழைத்துப்போய், ஓ.டி.பி. தனக்கே வரும்படி கணக்கில் இருந்த செல் நம்பரைத் தன் நம்பராக மாற்றவைத்தாள். ஏ.டி.எம். கார்டையும் வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போடும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சில வாரங்களில் சூசைமேரி மயங்கி விழுந்தாள். ஜெபராஜ் அவளை ஆட்டோவில் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொன்னார்கள். மகளுக்குப் போன் அடித்தார். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. லாக்கருக்குள் அது அடித்து அடித்து ஓய்ந்தது.

ஷிஃப்ட் முடிந்து விஷயம் தெரிந்து லிபியா ஓடி வந்தபோது அம்மாவுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர்தான் பணம் கட்டியிருந்தார்.

"எங் காசு இருக்கறப்பவே இன்னொருத்தங்கிட்ட கேட்டேன் பாப்பா," என்றார் ஜெபராஜ். குரலில் கோபம்கூட இல்லை.

"உள்ள இருந்தேன்பா. போன் கையில இல்ல."

"தெரியுது. உம் மேல தப்பில்ல. கார்டக் குடுத்துரு."

கட்டிலிலிருந்து அம்மாவும் சொன்னாள். "குடுத்துரு பாப்பா. மனுசன் சரியா சோறே திங்கறதில்ல."

கொடுத்தாள். நம்பரையும் பழையபடி மாற்றிக் கொடுத்தாள். தர்ஷனின் எண்ணை மட்டும் அப்பாவின் போனில் பிளாக் செய்தாள். அவன் வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டான்.

அதன்பிறகு தினமும் வேலை முடிந்ததும் அப்பாவுக்குப் போன் செய்தாள். சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று விசாரித்தாள். அவரும் சந்தோஷமாகப் பதில் சொன்னார். பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், "சிக்னல் இல்ல" என்று வைத்துவிடுவார்.

கிறிஸ்துமசுக்கு முன்பு அம்மா அழைத்தாள். "டெபாசிட்ட ஒடச்சு அனுப்பிட்டாரு பாப்பா. இந்த மாசம் வட்டி வரல."

லிபியா அரிசியும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு போனாள். ஜெபராஜ் வாசலில் நின்று போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் உள்ளே போய் உட்காரும்படி கையைக் காட்டினார். அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் பேசி முடிக்கட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.